‘தங்களை ஒடுக்கினவர்களை ஆளுவார்கள்’: ஏசாயா 14:2-க்கு ஆமென் சொல்லலாமா?

கைவிளக்கு எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சின்ன விஷயத்தில் ஆரம்பித்துப் பெரிதாக மாட்டிக்கொண்டேன், அதனால்தான் இந்த இழை.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள் இல்லையா, என் சித்தப்பா மகனுக்கு வந்த அட்டையில் “தங்களை ஒடுக்கினவர்களை ஆளுவார்கள், ஏசாயா 14:2” என்று இருந்தது. முன்னும் இல்லை பின்னும் இல்லை, வசனத்தின் வால் மட்டும், பின்னணியில் சூரிய உதயப் படம். அவனுக்கும் எங்கள் பெரியப்பா வீட்டுக்கும் நாலு வருஷமாக ஒரு வரப்புத் தகராறு கோர்ட்டில் கிடக்கிறது. அட்டையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டான். இந்த வருஷம் தீர்ப்பு நமக்குத்தான் அக்கா என்கிறான். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் பெண்கள் வேதபாடத்தில் நாங்கள் ஏசாயாதான் படித்துக்கொண்டிருக்கிறோம். பதினாலாம் அதிகாரம் என் முறை. எல்லாரும் நேரே 12-ஆம் வசனத்துக்குத் தாவிவிடுவார்கள், “விடிவெள்ளியே, நீ வானத்திலிருந்து விழுந்தாயே”, அங்கே சாத்தானைப் பற்றி ஒரு மணி நேரம் ஓடிவிடும். நான் முதல் இரண்டு வசனத்திலேயே நின்றுவிட்டேன். முதல் வசனம் தேன் மாதிரி இருக்கிறது: கர்த்தர் இரங்குவார், திரும்பத் தெரிந்துகொள்வார், சொந்த தேசத்தில் குடியேற்றுவார், அந்நியரும் வந்து சேர்ந்துகொள்வார்கள். இரண்டாவதில் ஜனங்கள் அவர்களை அழைத்துக்கொண்டுபோய் அவர்கள் ஸ்தானத்தில் விடுவார்கள், அப்புறம் “கர்த்தருடைய தேசத்திலே” அதே அந்நியர் வேலைக்காரரும் வேலைக்காரிகளும் ஆகிவிடுகிறார்கள். சிறையாக்கினவர்களைச் சிறையாக்குவார்களாம்.

இது நடந்ததா? நடந்திருந்தால் எப்போது, யார் யாரை ஆண்டார்கள்? நடக்காவிட்டால் இதை என்னவென்று சொல்லிக்கொடுப்பது? ஒரு வசனத்துக்குள் இரக்கமும் பழிவாங்கலும் ஒரே மூச்சில் வருகிறதே, இதற்கு ஆமென் சொல்லலாமா?

பரணிக்கரை எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. முதலில் இடம், காலம் பார்த்துக்கொள்ளுங்கள். 13-ஆம் அதிகாரம் தொடங்கி 23 வரைக்கும் ஜாதிகளின் மேலான ‘பாரம்’, அதாவது நியாயத்தீர்ப்பின் தீர்க்கதரிசனம், ஒவ்வொன்றாக வரும். முதல் பாரமே பாபிலோன். அந்தப் பாரத்துக்கும் பாபிலோன் ராஜாவின் மேல் பாடுகிற ஏளனப் பாட்டுக்கும் நடுவில், ஒரு வாய்க்கால் பாலம் மாதிரி இந்த இரண்டு வசனமும் கிடக்கிறது.

ஏசாயா ஊழியம் செய்த காலத்தில் உலகத்தை மிரட்டினது அசீரியா. சமாரியா விழுந்தது கி.மு. 722. எருசலேமையும் ஆலயத்தையும் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் ஆட்கள் இடித்து ஜனத்தைச் சிறைப்பிடித்துக்கொண்டு போனது 586-ல் (587 என்றும் சிலர் கணக்குப் போடுவார்கள்). 539-ல் பெர்சிய ராஜா கோரேசு பாபிலோனைப் பிடித்தான், மறு வருஷமே யூதர்கள் திரும்பிப் போகலாம் என்று கட்டளை. ஆகவே ஜனங்கள் அழைத்துக்கொண்டுபோய் அவர்கள் ஸ்தானத்தில் விடுவார்கள் என்பது நிறைவேறிவிட்டது, எஸ்றா 1-ஐ வாசியுங்கள். வெள்ளி, பொன், மிருகஜீவன் எல்லாம் கொடுத்து அனுப்புகிறார்கள்.

வேலைக்காரர், வேலைக்காரிகள்? அதுவும் இருக்கிறது. எஸ்றா 2:64, 65: சபையார் 42,360 பேர், அவர்களைத் தவிர வேலைக்காரரும் வேலைக்காரிகளும் 7,337 பேர். அடிமைகளாகப் போனவர்கள் வேலையாட்களோடு திரும்புகிறார்கள். எனக்கு இது போதும். வாக்குத்தத்தம் நிறைவேறிற்று.

சந்தேகத் தோமா எழுதியது:

ஐயா, மன்னிக்கவும், அந்த 7,337 பேர் யார் என்று எஸ்றா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாபிலோன்காரர் என்று நாமாகத்தான் சேர்த்துக்கொள்கிறோம். வசனம் சொல்வது ஏதோ வேலையாட்கள் கிடைப்பார்கள் என்றல்ல, தங்களைச் சிறைப்பிடித்த அதே ஆட்களைச் சிறைப்பிடிப்பார்கள் என்று. அது 539-ல் நடக்கவில்லை. பாபிலோனின் சொந்தக் களிமண் பலகைக் குறிப்பே கோரேசின் படை நகரத்துக்குள் சண்டையில்லாமல் நுழைந்தது என்கிறது. பாபிலோன்காரன் மறுநாளும் சந்தைக்குப் போயிருப்பான். எஜமான் மாறினான், அவ்வளவுதான், யூதனுக்கும் அதே எஜமான்.

அப்புறம் நெகேமியா 9:36-ஐ ஏன் யாரும் இதோடு சேர்த்து வாசிப்பதில்லை? திரும்பி வந்து, ஆலயம் கட்டி, மதில் கட்டி, எல்லாம் முடிந்தபிறகு உபவாசமிருந்து ஜெபிக்கிறார்கள்: இதோ இன்றைக்கு நாங்கள் அடிமைகளாயிருக்கிறோம், நீர் எங்கள் பிதாக்களுக்குக் கொடுத்த இந்தத் தேசத்திலேயே அடிமைகளாயிருக்கிறோம், இதன் வருமானமெல்லாம் ராஜாக்களுக்குப் போகிறது என்று. ஒடுக்கினவர்களை ஆளுகிறவர்கள் பேசுகிற பேச்சா இது?

அதைவிட மோசம் நெகேமியா 5. ராஜாவுக்கு வரி கட்ட வயலையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைக்கிறார்கள், கடைசியில் பிள்ளைகளை அடிமையாகக் கொடுக்கிறார்கள். யாருக்கு? சொந்த சகோதரனுக்கு! பாபிலோனிலிருந்து திரும்பியவன் பாபிலோன்காரனை ஆளவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் மகளை ஆண்டான்.

(சித்தப்பா மகன் கதை இதோடு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.)

எழுத்தாணி எழுதியது:

எபிரேயத்தில் இந்த வசனம் நம் தமிழில் இருப்பதைவிடக் காரமானது. எங்கே காரம் குறைந்தது என்று சொல்கிறேன்.

நம் பழைய மொழிபெயர்ப்பில் “வேலைக்காரராகவும் வேலைக்காரிகளாகவும் கையாண்டு” என்று வருகிறது. அந்தக் ‘கையாண்டு’ இருக்கும் இடத்தில் மூலத்தில் இருப்பது ‘நாஹல்’ என்ற வேர். தகப்பன் சொத்து மகனுக்கு வருவது போல உரிமையாக்கிக்கொள்வது. இதே வேர், இதே அமைப்பில் லேவியராகமம் 25:46-ல் வருகிறது, அந்நிய அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போகலாம் என்கிற இடம். அங்கே நம் ஆட்கள் ஒளிவுமறைவில்லாமல் ‘சுதந்தரமாக்கிக்கொள்ளலாம்’ என்று போட்டிருக்கிறார்கள். வேதாகமத் தமிழில் சுதந்தரம் என்றால் பரம்பரைச் சொத்து என்பது இங்கே பாதிப்பேருக்குத் தெரியும், மீதிப்பேர் ஆகஸ்ட் 15-ஐ நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆக, கர்த்தர் தேசத்தைச் சுதந்தரமாகக் கொடுத்தார் என்று சொல்ல வருகிற அதே சொல்லைத் தீர்க்கதரிசி மனிதர்கள்மேல் போடுகிறார்.

‘ஒடுக்கினவர்கள்’ என்பது ‘நோகேஸ்’. இது யாத்திராகமத்தில் வரும் சொல். எகிப்தில் செங்கல் கணக்கு வைத்து அடித்தார்களே, தமிழில் ‘ஆளோட்டிகள்’ என்று இருக்கிறதே, அதே சொல். எனக்கு ஆளோட்டி என்ற மொழிபெயர்ப்பு ரொம்பப் பிடிக்கும், மாட்டை ஓட்டுவது போல ஆளை ஓட்டுகிறவன். ஏசாயா 14:2-லும் அதையே போட்டிருந்தால் வசனத்தைக் கேட்டவுடனே எகிப்து ஞாபகம் வந்திருக்கும்: தங்கள் ஆளோட்டிகளை ஆளுவார்கள்.

அந்த ‘ஆளுவார்கள்’ என்பது ‘ராதா’. ஆதியாகமம் 1:28-ல் மீனையும் பறவையையும் ஆண்டுகொள்ளுங்கள் என்று வரும் வினை. லேவியராகமம் 25:43-ல் உன் சகோதரனை அடிமையாக வைத்தால் ‘கொடூரமாய் ஆளாமல்’ இரு என்று தடுக்கும்போதும் இதே வினைதான். ஏசாயாவில் கொடூரமாய் என்ற அடை இல்லை. அதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட மாட்டேன், ஆனால் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிறை என்றதும் கம்பி, ஜெயில் என்று நினைக்காதீர்கள். சிறைப்பிடித்துக்கொண்டுபோன ஜனம் அங்கே பயிர் செய்தது. பாபிலோன் நாட்டில் ‘யூதா ஊர்’ என்றே பெயர்கொண்ட ஒரு குடியிருப்பின் களிமண் பலகைகள் 2014-ல் வெளியாயின, அதில் இந்த மனிதர்கள் ராஜாவின் நிலத்தை உழுது தானியமும் பேரீச்சம்பழமும் குத்தகையாகவும் வரியாகவும் அளந்துகொண்டிருக்கிறார்கள். சிறைப்பட்டுப்போன யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து குமாரருக்கும் எண்ணெய்ப் படி அளந்த கணக்கு வேறு பாபிலோன் அரண்மனையில் அகப்பட்டு இப்போது பெர்லினில் இருக்கிறது. சங்கிலியைவிட அளவைதான் அவர்களுடைய சிறை.

வண்டிப்பாதை எழுதியது:

கையாண்டு என்பதை நான் இத்தனை நாள் ஆபீஸில் ஃபைல் கையாள்வது மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன் 😄 மொழிபெயர்த்தவர்களுக்கே கை நடுங்கியிருக்கும் போல.

மணிக்கூண்டு எழுதியது:

எல்லாரும் பழைய சரித்திரத்திலேயே சுற்றுகிறீர்கள். தீர்க்கதரிசனத்துக்கு இரட்டை நிறைவேறுதல் உண்டு. கி.மு. 538 முதல் படி. 1948-ல் இஸ்ரவேல் மறுபடி தேசமானது அடுத்த படி. முழு நிறைவேறுதல் ஆயிரவருஷ அரசாட்சியில். ஏசாயா 60:12 என்ன சொல்கிறது? உன்னைச் சேவிக்காத ஜாதியும் ராஜ்யமும் அழியும். எழுத்தின்படி எடுத்துக்கொண்டால் குழப்பமே இல்லை, நீங்கள்தான் வெட்கப்படுகிறீர்கள்.

நெறியாளர்:

இன்றைய மேற்காசிய அரசியல் பக்கம் போனால் இழையைப் பூட்டிவிடுவேன். போன மாதம் பட்டது போதும். வசனத்தோடு இருங்கள்.

சந்தேகத் தோமா எழுதியது:

நெறியாளர் சொன்னபடி இன்றைக்கு வரவில்லை, பின்னால் போகிறேன். மணிக்கூண்டு அண்ணன் எழுத்தின்படி என்கிறார். எழுத்தின்படி ஒருதரம் செய்து பார்த்தார்கள், என்ன ஆனது என்று சொல்லட்டுமா?

கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. மக்கபேயர் கிரேக்க ராஜாக்களை எதிர்த்து எழுந்து நாட்டைப் பிடித்துவிட்டார்கள். அந்த வம்சத்து யோவான் ஹிர்கானு தெற்கே இதுமேயாவை, நம் ஏதோமை, ஜெயித்தான். எருசலேம் இடிபட்ட நாளில் இடி இடி என்று கத்தின ஏதோம் (சங்கீதம் 137-ஐப் பாருங்கள்). ஒடுக்கினவனை ஆளுகிற நாள் வந்துவிட்டது இல்லையா? விருத்தசேதனம் பண்ணிக்கொள், யூத நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள், இல்லையென்றால் ஊரைவிட்டுப் போ என்றான். முதல் நூற்றாண்டு யூத சரித்திராசிரியர் ஜொசிபஸ் எழுதியிருக்கிறார். அந்நியர் யாக்கோபின் வம்சத்தோடு கூடிக்கொள்வார்கள் என்ற முதல் வசனமும் நிறைவேறியது, கத்தி முனையில்.

நூறு வருஷம்கூடக் கழியவில்லை. அந்த இதுமேயர் வீட்டுப் பிள்ளை ஒருவன் ரோமர் தயவில் எருசலேமில் ராஜாவாக உட்கார்ந்தான். பெயர் ஏரோது. ஹிர்கானு வம்சத்துப் பெண்ணையே கட்டிக்கொண்டு, கடைசியில் அவளையும் அவள் பெற்ற இரண்டு ஆண்பிள்ளைகளையும் கொன்றான். பெத்லகேம் குழந்தைகளைக் கொன்ற கதை தனி.

சக்கரம் சுற்றத்தான் செய்யும். மேலே வந்த இடத்தில் அது நின்றுவிடும் என்று நினைப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மருதம் எழுதியது:

ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்கிறவன். இன்றைக்கு எழுதித்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது, கொஞ்சம் நீளும்.

அக்கா, ஆமென் சொல்லலாமா என்று கேட்டீர்கள். கேள்வி எனக்கு உறுத்தியது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்வியை யாரும் என் அப்பாயியிடம் கேட்டதில்லை. கீழத்தஞ்சைப் பக்கம் ஒரு பண்ணையில் பிறந்து அதே பண்ணையில் நடவு நட்டு முதுகு வளைந்தவர். பண்ணையாட்களுக்குத் தண்டனையாகச் சாணிப்பால், சவுக்கடி என்று புத்தகத்தில் வாசிக்கிறோமே, அதைப் பார்த்த கண். வாங்கின கை என்றுகூடச் சொல்லலாம், தாத்தாவுக்கு விழுந்த அடியின் தழும்பைக் குளிக்கும்போது நானே பார்த்திருக்கிறேன், இடது தோளிலிருந்து கீழே பாம்பு மாதிரி நெளிந்து போகும். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, சட்டம் வந்த சேதி எங்கள் தெருவுக்கு நடந்து வந்து சேரக் கொஞ்சம் காலம் பிடித்தது.

அப்பாயிக்கு எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம். அவருக்குப் பிடித்தது ஏசாயா 61:5. “அந்நிய புத்திரர் உங்கள் பண்ணையாட்களும், உங்கள் திராட்சத்தோட்டக்காரருமாயிருப்பார்கள்.” பண்ணையாள் என்ற சொல் வேதத்தில் இருக்கிறது, அதுவும் அது தங்களைக் குறிக்காமல் வேறு யாரையோ குறிக்கிறது என்பதே அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த வரி வரும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாராம், அப்பா சொல்வார். பண்ணையார் வீட்டு ஆட்கள் நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் கால் புதைய வருவதை மனதில் பார்த்திருப்பார், வேறென்ன.

அவர் யாரையும் அடிமையாக்கவில்லை. ஆக்கக்கூடிய இடத்தில் அவரை யாரும் வைக்கவும் இல்லை. எந்தப் பக்கமும் கதவில்லாத வீட்டில் உட்கார்ந்து ஒரு ஜன்னல் வரைந்தார், அவ்வளவு. எழுத்தாணி சொன்ன அந்தப் பேரீச்சம்பழம் அளந்துகொண்டிருந்த ஆட்களும் அப்படித்தான் இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அடிபட்டவன் கனவில் அடித்தவன் குனிந்து நிற்கக்கூடாது என்று மேட்டில் இருந்துகொண்டு நாம் ஒழுக்கம் சொல்வது எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

ஆனால் அதே அட்டை வரப்புத் தகராறுக்காரர் ஃப்ரிட்ஜில் இருப்பது வேறு விஷயம். நிலம் வைத்திருக்கிறவர் அதை ஒட்டக்கூடாது. இந்த வசனம் யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

வண்டிப்பாதை எழுதியது:

மருதம், வணக்கம். இனிமேல் அடிக்கடி எழுதுங்கள்.

கைவிளக்கு எழுதியது:

தம்பி (தம்பிதானே?), கோபம் இல்லை. இரண்டு தரம் வாசித்தேன். நான் கேட்ட கேள்வியே ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்ட கேள்வி என்பது உறைத்தது. எங்கள் வீட்டில் நெல் அறுக்க ஆள் வைத்த ஆட்கள்தான் நாங்கள்.

இருந்தாலும் விடுவதாக இல்லை. அப்பாயி கேட்டது சரி. சொன்னது கர்த்தர் அல்லவா? கனவு என்று சொல்லிவிட்டால் அது வாக்குத்தத்தம் ஆகுமா?

பரணிக்கரை எழுதியது:

தோமா தம்பி சொன்ன நெகேமியா 5 என் வாயை அடைத்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். 7,337-ஐ வைத்துக் கணக்கை முடித்தது அவசரம்.

ஆனால் ராத்திரி வேறொன்று ஞாபகம் வந்தது. 2 நாளாகமம் 28. ஆகாஸ் ராஜா காலம், அதாவது ஏசாயா எருசலேம் தெருவில் நடந்துகொண்டிருந்த காலம். வடக்கே இருந்த இஸ்ரவேலர் யூதாவின்மேல் வந்து ஸ்திரீகளும் பிள்ளைகளுமாக இரண்டு லட்சம் பேரைச் சிறைபிடித்துச் சமாரியாவுக்குக் கொண்டுபோகிறார்கள். ஓதேத் என்று ஒரு தீர்க்கதரிசி ஊர் வாசலில் வந்து நிற்கிறான். இவர்களை வேலைக்காரராகவும் வேலைக்காரிகளாகவும் கீழ்ப்படுத்தலாம் என்று நினைக்கிறீர்களா, உங்களிடத்திலேயே குற்றம் இல்லையா என்று கேட்கிறான்.

அடுத்து நடப்பதை நிதானமாக வாசியுங்கள். துணியில்லாதவர்களுக்குக் கொள்ளையிலிருந்தே துணி எடுத்துக் கொடுக்கிறார்கள். காலுக்குச் செருப்பு. சாப்பாடு, தண்ணீர். எண்ணெய் வார்க்கிறார்கள். நடக்க முடியாதவர்களைக் கழுதைமேல் ஏற்றி எரிகோ மட்டும் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். நல்ல சமாரியன் உவமையில் எண்ணெயும் வாகனமும் எரிகோவும் எங்கிருந்து வந்தன என்று இனிமேல் கேட்க வேண்டியதில்லை.

எழுத்தாணி, அந்த ‘வேலைக்காரராகவும் வேலைக்காரிகளாகவும்’ இரண்டு இடத்திலும் மூலத்தில் ஒரே சொற்களா?

எழுத்தாணி எழுதியது:

ஆமாம் ஐயா, ஒரே ஜோடி: ‘லஅவாதிம் வெலிஷ்பாஹோத்’. ஏசாயா 14:2-ல் வரப்போகும் நன்மையாகச் சொல்லும் அதே இரண்டு சொல், ஓதேத் வாயில் குற்றச்சாட்டாக வருகிறது. ஓதேத் பேசுவது சகோதரரை அடிமையாக்குவது பற்றி, ஏசாயா பேசுவது அந்நியரைப் பற்றி என்று ஒருவர் சொல்லலாம், அது நியாயமான மறுப்புதான். ஆனால் ஏசாயா 14:1-ஆம் வசனத்தின்படி அந்த அந்நியர் யாக்கோபின் வம்சத்தோடு ஏற்கெனவே கூடிவிட்டார்களே? கூடினவன் சகோதரனா, அந்நியனா? வசனத்துக்குள்ளேயே இந்த முடிச்சு இருக்கிறது. யூத ரபிகளுக்கும் உறுத்தியிருக்கிறது. ‘கூடிக்கொள்வார்கள்’ என்பதன் வேரும் தோலில் வரும் தடிப்பைக் குறிக்கும் சொல்லும் ஒன்று போல ஒலிப்பதால், வந்து சேருகிறவர்கள் இஸ்ரவேலுக்குத் தோலில் வந்த தடிப்பு மாதிரி என்று தல்மூதில் (ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த நூல்) ஒரு ரபி இந்த வசனத்தையே காட்டிச் சிலேடை பேசுகிறார். விருந்தாளியைப் பார்த்து முகம் சுளித்தவர் எல்லாக் காலத்திலும் உண்டு.

கைவிளக்கு அக்காவின் கேள்விக்கு என் பதில் இதுதான். ஏசாயா 14-ஐத் தனியாக நிற்க வைக்காதீர்கள். ஐந்து அதிகாரம் தள்ளி 19:23 முதல் 25 வரை பாருங்கள். எகிப்திலிருந்து அசீரியாவுக்கு ஒரு பெரும்பாதை. என் ஜனமாகிய எகிப்து, என் கரத்தின் கிரியையாகிய அசீரியா, என் சுதந்தரமாகிய இஸ்ரவேல். இங்கே சுதந்தரம் யார் என்று கவனியுங்கள், 14:2-ல் பார்த்தோமே அந்த நாஹல் வேர்தான். அங்கே இஸ்ரவேல் மற்றவர்களைச் சுதந்தரமாக எடுத்துக்கொள்கிறது. இங்கே இஸ்ரவேலே கர்த்தருக்குச் சுதந்தரம், ஆளோட்டிகளின் நாடோ ‘என் ஜனம்’.

லூக்கா 4-ஐயும் வைத்துக்கொள்ளுங்கள். நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயா 61-ஐ வாசிக்கிறார். கர்த்தருடைய அநுக்கிரக வருஷம் என்ற இடத்தில் புஸ்தகத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு உட்காருகிறார். அடுத்த துண்டு, நீதியைச் சரிக்கட்டும் நாள், வாசிக்கவே இல்லை.

மணிக்கூண்டு எழுதியது:

வாசிக்கவில்லை என்றால் ரத்து என்று அர்த்தமல்ல. இரண்டாம் வருகைக்கு வைத்திருக்கிறார். முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் நடுவில் அந்தக் காற்புள்ளி நிற்கிறது. பரிசுத்தவான்கள் பூமியை ஆளுவார்கள் என்பது வெளிப்படுத்தினதில் இருக்கிறதா இல்லையா?

சந்தேகத் தோமா எழுதியது:

இருக்கிறது அண்ணா. உங்களோடு இந்த ஒரு இடத்தில் நான் நிற்கிறேன், ஆச்சரியப்படாதீர்கள். எழுத்தாணி 19-ஆம் அதிகாரத்தை எடுத்து 14-ஐ அழிக்கப் பார்க்கிறார். அது முடியாது. இரண்டையும் ஒரே புஸ்தகத்தில் வைத்துத் தைத்தவர்களுக்கு இரண்டும் தெரியும். கூர்மையானதை வெட்டிப்போட யாராவது நினைத்திருந்தால் வெட்டியிருக்கலாம், வெட்டவில்லை.

வெட்டினவர்களும் உண்டு. 1807-ல் லண்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பு அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சடித்தார்கள். எகிப்துக்கு அடிமையாகப் போன யோசேப்பு இருக்கிறான், அங்கிருந்து ஜனத்தை வெளியே கொண்டுவந்த கதை இல்லை. ஆளோட்டிகள் தோற்ற இடத்தையெல்லாம் எடுத்துவிட்டார்கள். அதே அட்லாண்டிக்கின் மறுகரையில் அமெரிக்கத் தென்மாநில எஜமான்கள் லேவியராகமம் 25:46-ஐத் தங்களுக்கு எழுதின பத்திரம் மாதிரி வைத்துக்கொண்டார்கள். மருதம் சொன்ன கேள்விதான், வசனம் யார் கையில்.

மருதம் எழுதியது:

இன்னொன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நேற்று அப்பாவுக்குப் போன் போட்டு இந்த இழையை வாசித்துக் காட்டினேன். நீங்கள் எல்லாரும் ஆளுவார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், அப்பா வேறு சொல்லைப் பிடித்தார். “கர்த்தருடைய தேசத்திலே” என்று இருக்கிறதே, அது ஏன் இஸ்ரவேலின் தேசத்திலே என்று இல்லை என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை, அவரே லேவியராகமம் 25:23-ஐச் சொன்னார்: தேசம் என்னுடையது, நீங்கள் பரதேசிகளும் என்னிடத்தில் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள். நீங்கள் பத்து தரம் காட்டின அந்த 25-ஆம் அதிகாரம்தான்.

அப்பாயிக்கு யாரையும் ஆள ஆசை இருந்ததா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆளுகிற ஆசை தெரியாதுடா, மனைக்கட்டு ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தாள், யாரும் எழுந்திரு என்று சொல்ல முடியாத இடமாக ஒரு குழி நிலம் வேண்டும் என்பாள் என்றார்.

எழுத்தாணி எழுதியது:

‘அத்மாத் யெகோவா’, கர்த்தருடைய மண். உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள், வேர்ச்சொல் தோண்டின நான் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

கைவிளக்கு எழுதியது:

வேதபாடம் வியாழக்கிழமை முடிந்தது. பதினோரு பேர் வந்திருந்தார்கள்.

விடிவெள்ளிக்குப் போகவே இல்லை. இரண்டு வசனத்தை வாசிக்கச் சொல்லி, இதைச் சந்தோஷமாகக் கேட்கிறவர் யார், பயந்து கேட்கிறவர் யார் என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற அக்கா ஒருவர் எப்போதும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார், வாயே திறக்க மாட்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது என்றார். முன்வரிசையில் ஒருவர், பெயர் வேண்டாம், நோட்டை மூடிவிட்டார். அப்புறம் ஓதேத் கதையை வாசித்தோம். செருப்பு கொடுத்தது வரைக்கும் வந்தபோது கடைசி பெஞ்ச் அக்கா, யார் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். கொள்ளையிட்டதிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள் என்றேன். அப்போ அவங்க செருப்பையே அவங்களுக்குக் கொடுத்திருக்காங்க என்றார். பரணிக்கரை ஐயா, நாங்கள் ஒருவரும் அதை யோசித்திருக்கவில்லை.

சித்தப்பா மகன் அட்டையை எடுக்கவில்லை. முழு வசனத்தையும் வாசித்துக் காட்டினேன், தலையாட்டிக் கேட்டான், அட்டை அங்கேயேதான் இருக்கிறது, இப்போது கரண்ட் பில்லை அதன்மேல் செருகி வைத்திருக்கிறான்.

அடுத்த வாரம் 15, மோவாபின் பாரம். புரட்டிப் பார்த்தேன், ஐந்தாம் வசனத்தில் “என் இருதயம் மோவாபினிமித்தம் ஓலமிடுகிறது” என்று இருக்கிறது. மோவாப் சத்துருதானே, அழுவது யார், ஏசாயாவா, கர்த்தரா? எழுத்தாணி, இதற்குத் தனி இழை திறக்கட்டுமா, இல்லை இங்கேயே தொடரலாமா?